எனக்கு மேலே ஒரு பெயர்

வேலை பறிபோன ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்தக் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் அவருக்காக இரக்கப்பட்டார்கள். சிலர் வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். நானோ அவருடைய கதிரையில், அவருடைய மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு அவரை நினைத்து வயிறெரிந்தேன். மூன்று வருஷம் எரிந்தேன்.

முதலில் இருந்து சொன்னால்தான் விளங்கும். நாங்கள் இருவரும் அரசாங்க வேலைக்கு ஒரே நாளில் வந்தவர்கள். ஒரே பரீட்சை, ஒரே புள்ளி, ஒரே திணைக்களம். கொம்பனித்தெரு ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் எங்கள் கந்தோர். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு ஒட்டிக்கொண்டவன். புள்ளி சமமாக இருந்தால் வயதில் மூத்தவரே சேவையிலும் மூத்தவர் என்று ஒரு விதி இருக்கிறது. அவர் என்னைவிட இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தார். அந்த இரண்டு மாதத்தினால் எந்தப் பட்டியலை எடுத்தாலும் அவருடைய பெயருக்குக் கீழேதான் என்னுடைய பெயர். பதவி உயர்வுப் பட்டியலிலும் அப்படித்தான், வருஷக் கடைசி விருந்துக்குச் சோற்றுப் பார்சல் சொல்லும் பட்டியலிலும் அப்படித்தான்.

பெயர் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். அவருடைய சிங்களம் கொட்டாஞ்சேனைத் தெருவில் விளையாடிப் படித்தது, என்னுடையது பரீட்சைக்குப் பாடமாக்கியது. கூட்டங்களில் நான் மனதுக்குள் வசனத்தை அடுக்கி முடிக்கும்போது அவர் பேசி முடித்து, எல்லோரும் சிரித்தும் முடித்திருப்பார்கள். தேத்தண்ணி கொண்டுவரும் நோனாவுக்கு அவருக்குச் சீனி வேண்டாம் என்பது மனப்பாடம். எனக்குச் சீனி போடவா விடவா என்று இருபத்தைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஒரு மனிதனுக்குப் பக்கத்து மேசையில் இருபத்தைந்து வருஷம் இருந்து பாருங்கள், தெரியும்.

பிரதம லிகிதர் பதவி, அதாவது கந்தோரில் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர் பதவி, வெறுமையானபோது அவருக்குத்தான் கிடைத்தது. நான் கைகொடுத்து வாழ்த்தினேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அவர் அந்தக் கதிரையில் நாலு வருஷம் இருந்தார். அப்போது திணைக்களத்துக்குத் தலைவராக இருந்த பணிப்பாளர் ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு, ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு முன்னமே கொடுத்துவிட்ட ஒரு வேலைக்கான அனுமதிக் கடிதத்தைப் பழைய திகதி போட்டு எழுதச் சொன்னார். அவர் முடியாது என்றார். வாயால் சொன்னதோடு விட்டிருக்கலாம். அந்த வேலைக்கான பைலின் குறிப்புத் தாளில், ‘பின்திகதியிட்டு எழுத இயலாது’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். கொஞ்ச நாளில், பெற்றோல் தட்டுப்பாட்டில் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. அரசாங்க ஊழியர்கள் எல்லோரும் ஒரே நாளில் வரவேண்டாம், முறை வைத்து வாருங்கள் என்று சுற்றுநிருபம் வந்தது. ஒரு கிழமை ஏழு நாளும் அவர் தன் முறை இல்லை என்று வீட்டில் இருந்தார். பணிப்பாளர் அந்தக் கிழமை அவருடைய முறைதான் என்றார். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனதாகக் கருதி, பதவி வெறிதாகிவிட்டது என்று ஒரு பக்கக் கடிதம் போனது. குற்றப்பத்திரம் இல்லை, விசாரணை இல்லை. நிரந்தர நியமனம் பெற்ற ஒருவரை அப்படி அனுப்ப முடியாது என்பது எங்கள் கந்தோரில் புதிதாக வந்த பியோனுக்குக்கூடத் தெரியும். எல்லோர் வாயிலும் கொழுக்கட்டை. என் வாயில் இருந்தது கொஞ்சம் பெரியது, ஏனென்றால் அடுத்த நாள் அவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக, பதில் பிரதம லிகிதராக என்னைப் போட்டார்கள்.

இப்போது வரவுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். விரல் வைக்கும் மெஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் எங்கள் கந்தோரில் மெஷினை நம்பி யாரும் புத்தகத்தை விடவில்லை. மாதத் தொடக்கத்தில் ஒரு புதுப் பக்கத்தில் கோடு கீறி, ஒன்பது பேருடைய பெயரையும் சேவை மூப்பின்படி எழுதுவது பிரதம லிகிதரின் வேலை. ஒருவர் மாறிப் போனால் அந்த மாதத்து வரிசையைச் சிவப்பு மையால் கீறிவிட்டு, அடுத்த மாதம் பெயரை எழுதாமல் விடுவோம். அவ்வளவுதான் வழக்கம்.

முதல் மாதம் நான் அவருடைய பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு கீறினேன். அடிமட்டத்தை வைத்து, ஒன்றாம் திகதியில் இருந்து முப்பதாம் திகதி வரைக்கும் ஒரே இழுப்பு. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. இருபத்தைந்து வருஷம் என் தலைக்குமேல் இருந்த பெயர், என் கையால் வெட்டுப்பட்டுக் கிடந்தது. அடுத்த மாதம் பெயரை விட்டுவிட்டு எழுதியிருக்கவேண்டும். பேனையை எடுத்தேன். பெயர் இல்லாவிட்டால் எதை வெட்டுவது? அவருடைய பெயரை முழுதாக, முதலெழுத்தோடு, அழகாக எழுதினேன். எழுதி மை காய்ந்த பிறகு சிவப்புப் பேனையை எடுத்துக் கீறினேன். அதற்கு அடுத்த மாதமும் அப்படித்தான். பிறகு அது எனக்கு ஒன்றாம் திகதிப் பழக்கமாகிவிட்டது. சிலர் மாதப் பிறப்புக்குக் கோயிலுக்குப் போவார்கள், நான் அவருடைய பெயரை எழுதி வெட்டினேன். யாரும் ஏனென்று கேட்கவில்லை. வரவுப் புத்தகத்தில் தன் வரிசையைத் தவிர மற்ற வரிசையை வாசிக்கிறவர்கள் குறைவு.

ஆனால் கதிரை எனக்குப் பிடிபடவில்லை. மற்றத் திணைக்களங்களில் இருந்து தொலைபேசி எடுப்பவர்கள் அவரைத்தான் கேட்டார்கள். நான் பதில் கடமையில் இருக்கிறேன் என்று சொன்னால், சரி, அவர் எப்போது வருவார் என்று கேட்டார்கள். என்னுடைய பதில் கடமைக் கடிதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. அவர் மேன்முறையீடு செய்திருந்தார். அது முடியும்வரை யாரையும் நிரந்தரமாகப் போட முடியாது. எனக்கு ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. அறுபதில் அனுப்பிவிடுவார்கள். அதற்குள் நிரந்தரமானால் பிரதம லிகிதராக ஓய்வுபெறுவேன். இல்லாவிட்டால் என்றைக்குமே ஒரு பதில் ஆள்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவிக்கு அவரில் எப்போதும் ஒரு மரியாதை. எனக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் கதைத்து எல்லாம் பார்த்தவர் அவர். வேலை போன பிறகு அந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. நான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், தேவையில்லாமல் எழுத்தில் கொடுத்து மாட்டிக்கொண்டார், சமாளிக்கத் தெரியாத மனுசன் என்றேன். அவள் புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

“அவர் ஒருக்கா எண்டாலும் ஏலாது எண்டு சொன்னவர். நீங்கள் இவ்வளவு காலத்தில ஒருக்காவும் சொல்லேல்லை.”

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

அந்த மனிதர் கஷ்டப்படுவதை ஒருமுறை கண்ணால் கண்டால் என் எரிச்சல் ஆறும் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே ஒரு சனிக்கிழமை புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் ஒரு போட்டோகொப்பிக் கடையின் முன்பக்கத்தில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். அதைப் பார்த்து ஒரு நிமிடம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கந்தோருக்கு வருவது மாதிரியே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். வாங்கில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு முஸ்லிம் பெரியவர், சேர், என் மகனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிழை இருக்கிறது என்று அதை அவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். என்னை யாரும் இரண்டு கையால் எதையும் தந்து சேர் என்று கூப்பிட்டதில்லை.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். தேத்தண்ணிக்குச் சொன்னார். கந்தோரில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். நான், வேலை போனது பெரிய அநியாயம் என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

“எனக்கு வேலை போகல்ல,” என்றார். “வேலை செய்ய விடுறாங்க இல்ல, அவ்வளவுதான். என்னைப் போட்டது அரசாங்க சேவை ஆணைக்குழு. எடுக்கிறதெண்டா அவங்கதான் எடுக்கணும். இந்த டிரெக்டர் எழுதின கடிதம் வெறும் கடதாசி.”

சொல்லிவிட்டு மேசையில் போய் இருந்து அடுத்த படிவத்தை எடுத்தார். நான் பஸ் எடுத்து வெள்ளவத்தைக்கு வந்தேன். பஸ் ஓடின காலி வீதி முழுக்க என் மனதில் அந்த வார்த்தைதான். வேலை இல்லாத அவர் எனக்கு வேலை இருக்கிறது என்கிறார். வேலை இருக்கிற எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு நிச்சயம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஒன்றாம் திகதி சிவப்புப் பேனையை அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்தது.

பழைய பணிப்பாளர் மாறிப் போய்ப் புதியவர் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், யாரைப் பார்த்தும் கத்தமாட்டார். கொட்டாஞ்சேனைக்காரரின் மேன்முறையீடு கடைசியாக விசாரணைக்கு வந்தபோது, அவருடைய சட்டத்தரணி எங்கள் வரவுப் புத்தகங்களைக் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்து வாதம், அவர் தானாகவே பதவியை விட்டுப் போனார், அன்றிலிருந்து அவருடைய பெயர் திணைக்களத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லை, பதவி வெறுமையாகத்தான் இருக்கிறது என்பது. அப்படி எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. எழுதிக் கொடுப்பதற்கு முன் வரவுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டத்தரணியின் கடிதம் வந்த பிறகு பணிப்பாளர் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். நான் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் ஒவ்வொரு மாதமாகப் புரட்டினார். ஒவ்வொரு மாதத்திலும் அந்தப் பெயர், மூப்பின்படி தன் இடத்தில், என் பெயருக்கு மேலே இருந்தது. சிவப்புக் கோடு லீவில் இருக்கிறவருக்கும் கீறுவதுதானே. வேலையில் இருக்கிற ஒருவர் வரவில்லை என்பதற்குத்தான் அந்தக் கோடு சாட்சி, வேலையில் இல்லை என்பதற்கு அல்ல. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் இப்படி எழுதினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. களஞ்சியத்தில் பழைய வருஷத்து வெற்றுப் புத்தகங்கள் இருக்கும்தானே என்று கேட்டார். அந்தப் பெயரை விட்டால் எட்டுப் பேர்தான், ஒரு சனிக்கிழமை இருந்து எழுதினால் முடிந்துவிடும், மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்றார். முறையீடு தள்ளுபடியானால் அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தைத் தானே அனுப்புவதாகவும் சொன்னார். சிங்களத்தில், மிகவும் மரியாதையாகச் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பினார்.

அன்று நான் ரயிலில் ஏறவில்லை. கொம்பனித்தெருவில் இருந்து கடற்கரைப் பக்கமாக வெள்ளவத்தை வரைக்கும் நடந்தேன். நடந்தது நியாயம் அநியாயம் பற்றி யோசிக்க அல்ல. நியாயம் எது என்று எனக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். கதிரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அதை எனக்கு விட மனமில்லை. பம்பலப்பிட்டி தாண்டும்வரை எந்தச் சனிக்கிழமை வசதி என்றுதான் கணக்குப் பார்த்தேன். வெற்றுப் புத்தகத்தின் புது வாசனையைப் போக்க ஒரு கிழமை வெயிலில் வைக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன்.

பிறகு மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குத் திடீரென்று ஒரு ஆத்திரம் வந்தது. அவருக்கு ஒரு ‘ஏலாது’ இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்த மனிதர் மூன்று வருஷமாகக் கொட்டாஞ்சேனையில் ராஜா மாதிரி இருக்கிறார். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இருக்கிறார். எனக்கும் ஒன்று வேண்டும். இதைவிட்டால் ஓய்வுபெறுவதற்குள் என்னிடம் இன்னொரு தரம் யாரும் வந்து இப்படிக் கேட்கப்போவதில்லை. நான் நல்லவனானது அப்படித்தான். பொறாமையில்தான்.

அடுத்த நாள் காலையில் பணிப்பாளரின் அறைக்குள் போய், என் பரீட்சைச் சிங்களத்தில், என்னால் முடியாது சேர் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எழுத்தில் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

விசாரணைக்குப் புத்தகங்களை நானே சுமந்துகொண்டு போனேன். அவர் எதிர்ப்பக்க வாங்கில் அதே கழுத்துப்பட்டியோடு இருந்தார். தலைமை தாங்கிய அம்மையார் பக்கங்களைப் புரட்டிவிட்டு, இந்தப் பெயரை எழுதியது யார் என்று கேட்டார். நான் எழும்பி நின்றேன். வேலையில் இல்லை என்று உங்கள் திணைக்களம் சொல்லும் ஒருவரின் பெயரை ஏன் மாதாமாதம் எழுதினீர்கள் என்றார். வெட்டுவதற்காக என்று சொல்ல முடியுமா? பெயரை எடுக்கச் சொல்லி நியமன அதிகாரியிடம் இருந்து எனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்றேன். அதுவும் உண்மைதான். அவர் அதை எழுதிக்கொண்டார். மண்டபத்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை.

ஆறு கிழமையில் தீர்ப்பு வந்தது. பணிநீக்கம் ஆரம்பத்தில் இருந்தே செல்லுபடியாகாது. அவர் ஒரு நாளும் இடைவெளி இல்லாமல் சேவையில் இருந்ததாகக் கருதப்படவேண்டும். அந்தப் பதவி எந்தக் காலத்திலும் வெறுமையாக இருக்கவில்லை. அதாவது, மூன்று வருஷம் நான் இருந்தது ஆள் இருக்கிற கதிரையில். மேசை லாச்சியில் இருந்த என் கண்ணாடியையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு என் பழைய மேசைக்கு வந்தேன். நடந்தால் எட்டு அடி இருக்கும்.

வீட்டில் அன்று முழுக் கதையையும் சொன்னேன், சிவப்புப் பேனையைத் தவிர. புதுப் புத்தகம் எழுதச் சொன்னதையும், நான் முடியாது என்றதையும், கதிரை போனதையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். நான் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

“அதைத்தானே அப்ப அவரும் செய்தவர்,” என்றாள். “நல்லது, இப்பவாவது செய்தீங்கள்.”

அவர் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். நோனா சீனியில்லாத தேத்தண்ணியோடு வாசலிலேயே நின்றாள். அவர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மனிதர் என் பெயரை ஒரு மாதமும் விடாமல் எழுதினார், தன் கதிரை போகும் என்று தெரிந்தும் எழுதினார் என்றார். சிலர் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கிடைக்கவேண்டிய புகழ் கிடைக்கவில்லை, கிடைக்கக்கூடாத புகழ் கிடைக்கிறது. அதையும் இவர் கையால் வாங்கவேண்டுமா?

மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் போன பிறகு அவருடைய மேசைக்குப் போனேன். நன்றி சொன்னதைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்றுதான் போனேன். நான் உங்கள் பெயரை எழுதியது உங்களுக்காக அல்ல, சிவப்பு மையால் வெட்டுவதற்காக, எனக்கு உங்களைப் பிடிக்காது, இருபத்தெட்டு வருஷமாகப் பிடிக்காது என்றேன்.

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார்.

“தெரியும். லோயர் போட்டோகொப்பி காட்டினவர். ஒரு இடத்தில தாளே கிழிஞ்சிருக்கு.” பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளினார். “புதுப் புத்தகம் எழுதச் சொன்னதையும் கேள்விப்பட்டன். நான் அண்டைக்கு ஏலாதெண்டு சொல்லக்குள்ள என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கமாட்டன். வீட்டில ரெண்டு வருஷமா என்னோட ஒருத்தரும் சரியாக் கதைக்கிறதில்ல. நீங்க எனக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தும் ஏலாதெண்டு சொன்னீங்க. உங்கட இடத்தில என்னைக் கேட்டிருந்தா நான் புதுப் புத்தகம் எழுதிக் குடுத்திருப்பன்.”

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் நான் அவரைவிட ஒரு படி மேலே என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், சொன்னதும் அவரே. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்ததும் உண்மைதான், ஆனால் இதை நான் போய் வீட்டில் சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள். அவர் வந்து சொன்னால் நம்புவாள்.